பல்லி சொன்ன பம்பு

எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பை முதன்முதலில் கையில் வாங்கியபோது, பெட்ரோல் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் தேனி ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேரும்போது, மதுரையில் நாலு வண்டிக்கு மாட்டியிருப்பதாக முதலாளியிடம் சொல்லியிருந்தேன். மாட்டியவர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தது உண்மை. அதுவும் ஒரே வண்டிக்கு.

வண்டி போடி ஏலக்காய் வியாபாரி ஒருவருடையது, அண்ணாச்சி என்போம். இரண்டு கார்புரேட்டர், பானெட்டுக்குக் குறுக்கே தோல் வார், சமதளத்தில் பறக்கும் சீமைக் கார். குமுளி மலையில் மட்டும் நின்றுவிடும். அதில் இருந்தது வாக்குவம் டேங்க். இன்ஜின் இழுக்கும் இழுப்பில்தான் அதற்குப் பெட்ரோல் ஏறும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் இழுப்புக் குறையும், டேங்க் வற்றும், வண்டி படுக்கும். அதனால்தான் எலெக்ட்ரிக் பம்பு.

"அண்ணாச்சி வண்டி மறுபடி மலையில நின்னுச்சுன்னா நீ அங்கனயே இருந்துக்க. இங்கன வந்துராத" என்றார் முதலாளி.

1. முழங்காலுக்கு முன்னால் ஒரு பல்லி

பம்பை இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், அண்ணாச்சியின் முழங்காலுக்கு நேராக மாட்டினேன். சுவிட்சைப் போட்டார். டிக் டிக் டிக். உடனே அணைத்தார்.

"பல்லி சொல்லுது. ஒரு நாழிகை போகட்டும்."

ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தோம். மறுபடி போட்டார். இந்தத் தடவை ஒரே ஒரு டிக். அவர் மறுபடி அணைக்க அதுவே போதுமானதாக இருந்தது. அது பல்லி இல்லை, பம்பு என்று விளக்கிச் சொன்னேன்.

"ஏலே, இன்னைக்குப் பம்பு, சரி. நாளைக்கு நெசமாவே பல்லி சொன்னா, பம்புன்னு நெனச்சுக் கெளம்பிருவேன்ல? சத்தமில்லாம செய்யி."

2. இலவம்பஞ்சு வைத்தியம்

போடிப் பக்கம் இலவம்பஞ்சுக்கா பஞ்சம்? பம்பைச் சுற்றிப் பஞ்சை அடைத்து, பழைய டயர் டியூபால் இறுக்கிக் கட்டினேன். சத்தம் போயே போச்சு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு அண்ணாச்சி பக்கத்தில் ஏறினேன். உச்சிவெயிலில் கூடலூர் தாண்டி மலை ஏறினோம். மூன்றாவது கொண்டையூசி வளைவில் வண்டி இருமியது, நின்றது.

பானெட்டைத் திறந்தேன். சூடேறிய பஞ்சு வாடை. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு, அண்ணாச்சி குடிக்கக் கையில் எடுத்திருந்த மோர்ச் செம்பைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். தீ எதுவும் இல்லை. மோரும் இல்லை. அண்ணாச்சி வெறும் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே இருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

ஆனால் மோர் குடித்த பம்பு குளிர்ந்து மறுபடி வேலை செய்தது. எனக்குப் புத்தி வந்தது அங்கேதான். இன்ஜின் சூட்டில் உட்கார்ந்துகொண்டு தூரத்து டேங்க்கிலிருந்து இழுத்தால், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்பு வெறும் ஆவியை இழுத்துப் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அபாயச் சத்தம் காதில் விழாதபடி பஞ்சு வைத்து அடைத்த மேதை நான்.

தேனிக்குத் திரும்பியதும், ஒரு வாய்ப்புத்தான் மிச்சம் என்று முதலாளி ஒற்றை விரலைக் காட்டினார்.

3. பின்னால் போன பம்பு

பம்பு விற்ற மதராஸ் கடைக்கு எழுதிக் கேட்டேன். பம்பில் இரண்டு ஜாதி உண்டாம்: இன்ஜின் பக்கம் இருந்து இழுப்பது, டேங்க் பக்கம் இருந்து தள்ளுவது. பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்த்து, தள்ளுகிற ஜாதியை வரவழைத்தேன். பின் சக்கரத்துக்கு அருகே, டேங்க்கைவிடத் தாழ்வாக, சைலன்சர் குழாய்க்கு எட்டத்தில், இரண்டு மடிப்பு ரப்பர் வைத்து சேஸிஸில் முடுக்கினேன். ரொம்ப வேகமாகத் தள்ளினால் கார்புரேட்டர் வழியும். ஒரு பகல் முழுக்க இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஒரு சொட்டு வழியவில்லை.

மறுநாள் காலை, ஒர்க்‌ஷாப்பின் ஓட்டுக்கூரைக்குக் கீழே, முதலாளி கைகட்டி நிற்க, அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. குனிந்து பம்பைத் தொட்டுப் பார்த்தேன். நாடி மாதிரி மெல்லத் துடித்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அப்போது உத்திரத்திலிருந்து, இச் இச் இச்.

அசல் பல்லி. அண்ணாச்சியின் கை சுவிட்சுக்குப் போனது. முதலாளியின் கண் என்மேல் விழுந்தது. என் வாய் எனக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"பம்புதான் அண்ணாச்சி. பின்னாடி போயிருச்சுல்ல, சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேக்கும்."

"பம்புதான?"

"பம்புதான்."

முதலாளி இருமல் வந்தவர் மாதிரி திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு மலை ஏறியதை என்னவென்று சொல்ல! மூன்றாவது வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது பின்னால் கிடந்தது. மாட்டு வண்டிகள் ஒதுங்கின, காற்று குளிர்ந்தது, இன்ஜின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. குமுளியில் இறங்கி அண்ணாச்சி தோல் வாரைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல பம்புலே. கெளம்பும்போது ஒரு சத்தம் குடுத்துச்சு. அம்புட்டுதான், வழியெல்லாம் வாயத் தொறக்கல."

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். பம்பை டேங்க் பக்கம் வையுங்கள், தாழ்வாக வையுங்கள், சூடு படாமல் வையுங்கள். சத்தத்தை ரப்பரால் தாங்குங்கள், பஞ்சால் மூடாதீர்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளில் மட்டும், ஓட்டுக்கூரைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.