லாரி டியூபில் உட்கார்ந்து போன தயிர்

டயர் கடைக் கவுண்டருக்கு ஆணி குத்திய டியூப் வரும், வெடித்த டயர் வரும், சண்டை வரும். என் இருபத்தெட்டு வருட சர்வீஸில் தயிர் வந்தது ஒரே ஒரு தடவைதான்.

கொண்டுவந்தவர் வெங்கிட்டு சாமி. வலியசாலையில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். வீட்டின் பின்கட்டில் சமைத்து, தன் பிக்கப்பில் ஏற்றி, ஆபீஸ்களுக்கும் கல்யாணங்களுக்கும் சாப்பாடு கொண்டுபோவார். அன்றைக்கு மத்தியானம் கரமனையில் எங்கள் கடைக்கு வந்து, ஒரு ஸ்டீல் டிரம்மைக் கவுண்டரில் டங்கென்று வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே மோர். மேலே எலுமிச்சை அளவில் வெண்ணெய் உருண்டைகள் மிதந்தன.

"முருகேசு, காலம்பற நான் ஏத்தினது தயிராக்கும். எறக்கினது இது. நாலு டயர்னா கேட்டேன்? நீ நாலு மத்து மாட்டி விட்டிருக்கே."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை விதுராவில் கல்யாணம் என்றார். என் சிரிப்பும் அங்கேயே நின்றது. ஏன் என்று சொல்ல, டயர் விற்ற கதையை முதலில் சொல்ல வேண்டும்.

1. விற்ற கதை

விதுராவில் ரப்பர் வியாபாரம் செய்யும் ஆறுமுகம் பிள்ளைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்யாணம் மூன்று வருடம் முன்னால் வீட்டுப் பந்தலில் நடந்தது. வீடு ஒரு மேட்டின் மேல். ஏறுகிற சரிவு முழுக்கச் செம்மண். முந்தின நாள் மழை. சாமியின் பிக்கப் பாதிச் சரிவில் புதைந்து, முகூர்த்தம் முடிந்த பிறகுதான் இட்லி இலைக்கு வந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் எல்லோர் முன்னாலும், "சோறு போட வந்தவன் சேத்துல கெடக்கான்" என்றாராம். இதைச் சாமி என்னிடம் ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அதே பிள்ளை, இரண்டாவது பெண் கல்யாணத்தையும் சாமியிடமே கொடுத்தார். உடனே சாமி கடைக்கு ஓடிவந்தார். எந்தச் சேற்றிலும் நிற்காத டயர் வேண்டும் என்றார்.

அப்படி ஒன்று உண்டு. மட் டெரெயின், சுருக்கமாக எம்.டி. ரப்பர் கட்டை கட்டையாக எழுந்து நிற்கும். நடுவில் விரல் போகிற இடைவெளி. சேற்றை அள்ளி வெளியே எறியத்தான் அந்த இடைவெளி. தார் ரோட்டில் அள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் அது சும்மா கத்திக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் ஓடும். தினம் ஓடுகிற வண்டிக்கு எச்.டி. என்கிற ஹைவே டயர் போதும். ஆசை அடங்காதவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஆல் டெரெயின் என்கிற ஏ.டி. இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எம்.டி.யை மாட்டினேன். கடையில் ஒரு செட் எட்டு மாதமாகக் கிடந்தது. ஆர்டர் கொடுத்த பையன் விசா வந்து துபாய்க்குப் போய்விட்டான். முதலாளி சசி அந்த ரேக்கைக் கடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். சாமி சேறு, சேறு என்று புலம்பியதைக் கேட்டதும், "அண்ணாச்சி, தெய்வமாயிட்டு அனுப்பிய ஆளு" என்று என் காதில் சொன்னார்.

நான் முறையாகத்தான் கேட்டேன். தினம் எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு வெயிட்? எந்த ரோடு? பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் பார்த்து, வெயிட்டுக்குத் தக்கபடி காற்று ஐம்பது வைத்து அனுப்பினேன். என்ன வெயிட் என்று மட்டும் கேட்கவில்லை.

2. தண்ணீர் லாரி

முதல் புகார் சத்தத்தைப் பற்றி. அந்த வாரம் பைப் உடைந்து வலியசாலையில் குழாய்த் தண்ணீர் இல்லை. விடியற்காலை எம்.டி. டயர் உறுமிக்கொண்டு பின்கட்டிலிருந்து தெருவுக்கு வர, கார்ப்பரேஷன் தண்ணீர் லாரிதான் என்று நினைத்துத் தெருவே குடமும் பக்கெட்டுமாக வரிசையில் நின்றுவிட்டது. சாமி இறங்கி, தண்ணீர் இல்லை, சாம்பார்தான் இருக்கிறது என்று கைகூப்பியிருக்கிறார். வரிசையில் முதலில் நின்ற மாமி, வந்தது வந்தாச்சு, ஒரு குடம் சாம்பாராவது விடும் என்றாளாம்.

சாமி இதைப் பொறுத்துக்கொண்டார். ரசம் தானே கலங்கிக்கொண்டதையும் பொறுத்துக்கொண்டார். தயிர் கடைந்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காரணம், பிள்ளை கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கட்டித் தயிர். சட்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது.

ஆக டயரைக் கழற்றினால் வண்டி சரிவில் நிற்கும், கழற்றாவிட்டால் தயிர் நிற்காது. இரண்டில் எது போனாலும் சாமியின் மானம் போகும். மாட்டியவன் நான்.

பாலாகக் கொண்டுபோய் அங்கேயே உறை ஊற்றினால் என்ன என்று கேட்டேன். கோயிலைத் தூக்கி வேறு தெருவில் வைக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "தயிர் என் ஆத்து மூலையிலதான் தோயும். அங்க தோயாது, கேட்டயோ?" சரி, தயிரை மட்டும் வேறு வண்டியில் அனுப்பலாமே என்றேன். அது புதைந்தால் என்றார்.

3. சோதனை

மறுநாளிலிருந்து சோதனை ஓட்டம். சாமி தினம் ஒரு டிரம் தயிர் கொண்டுவருவார். அவர் ஓட்ட, நான் பின்னால் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார, கரமனையிலிருந்து விதுரா ரோட்டில் நெடுமங்காடு வரை போய்த் திரும்புவோம். காற்று ஐம்பதில் பேரூர்க்கடையிலேயே வெண்ணெய் திரண்டது. நாற்பதுக்கு இறக்கினால் அதற்கு அப்பால், வழயிலா தாண்டித் திரண்டது. முப்பத்திரண்டில் வெண்ணெய் இல்லை, ஆனால் தயிர் உடைந்து தண்ணீர் தனியாக நின்றது. அதற்கும் கீழே இறக்கினால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த நாட்களில் கடையில் எல்லோருக்கும் இலவச மோர். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் உப்பு இருக்கிறதா, கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டார்கள். சசி முதலாளி தன் வயிற்றுப்புண் ஆறிவிட்டதாகச் சொல்லி, சோதனையை நிறுத்த வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை நான் நம்பிக்கை விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன். எதிரே பஞ்சர் ஒட்டிய லாரி டியூப் ஒன்று, பாதிக் காற்றோடு தரையில் கிடந்தது. அன்றைய தயிர் டிரம்மைத் தூக்கி அதன் நடுவில் உட்கார வைத்தேன். காலால் நன்றாக ஓர் உதை விட்டேன். டிரம் ஆடியது. மூடியைத் திறந்து பார்த்தேன். தயிரில் ஒரு கீறல் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

4. சரிவு

ஞாயிற்றுக்கிழமை எட்டு டிரம் தயிர் எட்டு லாரி டியூபில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நானும் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஐப்பசி மழை. நெடுமங்காட்டில் ஒரு தடவை, விதுரா சந்தையில் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். தயிர் அசையாமல் இருந்தது.

பிள்ளை வீட்டு முக்கில் சாமி வண்டியை நிறுத்தினார். கண்ணை மூடி, "பத்மநாபா" என்றார். முதல் கியரைப் போட்டுத் திருப்பினார்.

சரிவு முழுக்க சிமென்ட் இன்டர்லாக் கட்டை பதித்திருந்தது. ஓரத்தில் ஓடை, நடுவில் சிவப்பும் சாம்பலுமாகக் கோலம்போல. உள்ளங்கை அளவு சேறு கிடையாது. எம்.டி. டயர் அதன்மேல் கத்திக்கொண்டே ஏறியது. சைக்கிளே ஏறியிருக்கும்.

வண்டி நின்றதும் நானும் சாமியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை நாள் தயிரைக் குலுக்கினோமே, அந்தச் சரிவு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு போன் போட்டு இரண்டு பேரில் ஒருவர் கேட்டோமா?

பிள்ளை குடையோடு ஓடிவந்தார். சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க சேத்துல நின்னு கண்ணு கலங்குனது என்னைய ஒறங்க விடல்ல, சாமி. ரெண்டாமத்தவ கல்யாணத்துக்கு முன்ன இதப் போட்டுரணும்னு நெனச்சேன். சொல்லாண்டாம், வந்து பாக்கட்டும்னு இருந்தேன்."

சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்பக்கம் வந்து, ஒரு டிரம்மைத் திறந்து, பிள்ளைக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். தயிர் விழவில்லை. அன்றைக்கு இட்லியும் ஏழு மணிக்கு இலையில் விழுந்தது.

திங்கட்கிழமை அவர் வந்து எம்.டி.யைக் கழற்றி எச்.டி. மாட்டிக்கொண்டார். டியூபை மட்டும் திருப்பித் தரவில்லை. பழைய செட் மறுபடி ரேக்குக்குப் போனது, சசி முதலாளியின் பெருமூச்சும் திரும்பி வந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓடுகிற ரோட்டுக்கு யாரும் முரட்டு டயர் கேட்பதில்லை. ஒரு தடவை புதைந்த சேற்றுக்குத்தான் கேட்கிறார்கள். அதனால் எம்.டி. கேட்டு வருகிறவரிடம் ரிம் சைஸ் கேட்பதற்கு முன்னால், எங்கே புதைந்தீர்கள் என்று கேளுங்கள். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். சொல்லும்போது கண்ணாடியைத் துடைத்தால் பொறுத்திருங்கள். பிறகு கடை போனை அவர் பக்கம் தள்ளி, அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.