பவளராணியின் இரண்டு பைகள்

பளீலாவின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பவளராணி முதலில் விரல்களை உரிப்பார். காலையில் வெட்டிய றப்பர் பால் விரல் இடுக்குகளில் நூல் நூலாகக் காய்ந்து பிடித்திருக்கும். அதை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி, கடலை அளவுக்கு ஓர் உருண்டையாக்குவார். அன்றைக்கு அதுதான் அவருக்கு அழிறப்பர். பென்சிலால் எழுதியது எதுவானாலும் அதனால் தேய்த்தே அழிப்பார். காசு கொடுத்து வாங்கிய அழிறப்பரை அவர் கையில் நான் பார்த்ததில்லை.

"எங்க மரத்துல இல்லாததா சேர்?" என்பார்.

மாவனல்லை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கடை. போட்டோ கொப்பி எடுக்கலாம், கொழும்புக்கு டெலிபோன் பேசலாம். மாடியில் உள்ள காப்புறுதிக் கம்பனியில் நான் கிளார்க். பிற்பகலில் பிளேன்டீ குடிக்க இறங்கி வருவேன். இரண்டாயிரத்து இரண்டாம் வருடக் கடைசியில் இரண்டு மணி பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண்ணைப் பார்த்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். காய்ந்து புளித்த றப்பர் ஒட்டுப்பாலின் நாற்றம் அப்படி. அந்த நாற்றத்தோடு வந்தவர் ஒரு பல்கலைக்கழகக் கைநூலை நீட்டி, முழுவதையும் கொப்பி எடுத்துத் தரச் சொன்னார். தேநீர் எனக்குப் புரையேறியது. என் வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் வெட்டுகிற பெண்ணுக்கு இது எதற்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

எதற்கென்று ஒரு மாதத்துக்குள் எனக்கே பாடமாகிவிட்டது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை மட்டும் போய் எழுதுகிற வெளிவாரிப் பட்டம் அது. பாதி முகாமைத்துவம், பாதி கலை, இரண்டும் சேர்ந்து ஒரே பட்டம். பவளராணியின் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு இனிமேல் முகாமைத்துவம் படித்த பட்டதாரிகளைத்தான் எடுப்போம் என்று கம்பனி அறிவித்திருந்தது. வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அந்த வேலையில் அங்கே இதுவரை ஒரு பெண் இருந்ததில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து போனவர் என்று ஒருவர்கூட இருந்ததில்லை. மூன்றாம் தடவையில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய பவளராணிக்கு அப்போது இருபத்தெட்டு நடக்கப் போகிறது.

"அப்படியென்றால் முகாமைத்துவத்தை மட்டும் படிக்கலாமே, கலை எதற்கு?" என்று கேட்டேன்.

"மேனேஜ்மென்ட் வேலைக்குங்க சேர். ஜியோகிரபி எனக்குங்க" என்றார்.

அது வாய்ப்பேச்சு இல்லை. தாம் வெட்டுகிற மரங்கள் அத்தனையையும், வடிகால்கள், பாறை, பால் ஸ்டோருக்குப் போகிற பாதை எல்லாவற்றோடும் பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் படமாக வரைந்து வைத்திருக்கிறார். மின்னல் விழுந்து பட்ட மரத்துக்குச் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறது. பால் சுரக்காத மரங்களுக்கு வட்டம். என் காப்புறுதிக் கம்பனியில் பத்து வருடம் குப்பை கொட்டிய எனக்கு, எங்கள் கட்டடத்தில் எத்தனை ஜன்னல் என்று இன்னும் தெரியாது.

அவரிடம் இரண்டு துணிப் பைகள் உண்டு. நீலப் பையில் முகாமைத்துவம், சிவப்புப் பையில் கலை. இரண்டையும் எப்போதும் தூக்கிக்கொண்டுதான் திரிவார். ஆனால் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு பையைத்தான் அவிழ்ப்பார். நீலப் பை திறந்த நாளில் சிவப்புப் பை முடிச்சுப் போட்டபடி பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். தவறிப்போய் அன்றைக்கு யாராவது இமயமலை என்று ஆரம்பித்தால், "அது நாளைக்குங்க" என்று பேச்சை மறித்துவிடுவார்.

இந்தப் பழக்கம் மலையிலிருந்து வந்தது. ஒரு வெட்டுக்காரருக்கு மரங்களை இரண்டு துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கு ஒன்றை வெட்டினால் அதற்கு நாளைக்கு ஓய்வு. நாளைக்கு மற்றதை வெட்ட வேண்டும். ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை காய்ந்து, மரம் ஒரு சொட்டும் தராமல் நின்றுவிடும். அது தோட்டத்தில் பெரிய குற்றம். கல்யாணமான புதிதில், மழையில் போன நாட்களை ஈடுகட்ட நினைத்த பவளராணி ஓய்வில் இருந்த துண்டில் கத்தி வைத்திருக்கிறார். பார்த்துவிட்ட கங்காணி பண்டார, "கஹ மெரெனவா நங்கி, மரம் செத்துப்போகும் தங்கச்சி" என்று சிங்களமும் தமிழுமாகச் சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கையெழுத்தோடு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் இன்றைக்கும் சிவப்புப் பைக்குள் மடித்தபடி இருக்கிறது.

"மரத்துக்கே அப்படின்னா, மனுசன் தலைக்கு எப்படிங்க?" என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் அவருடைய திட்டம். மூன்று பரீட்சைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பாதிகள். அவர் பென்சிலால் ஆறு வரிசைக் கட்டம் போட்டார். முதல் வருடம் முகாமைத்துவப் பாதி. கலைக்கு நேரே 'ஓய்வு' என்று எழுதினார். அடுத்த வருடம் கலைப் பாதி, முகாமைத்துவத்துக்கு 'ஓய்வு'. இப்படியே ஆறு வருடம். இருபத்தெட்டில் தொடங்கினால் முப்பத்து நான்கில் முடியும். கைக்காவலுக்கு ஒரு வருடம் மிச்சம்.

அந்தத் தாளை என்னிடம்தான் நீட்டினார். நானும் ஒரு பட்டதாரி என்று பளீலா சொல்லி வைத்திருந்தார். கைநூலும் பெஞ்சிலேயே கிடந்தது. நான் அதை எடுத்தேன், இரண்டு பக்கம் புரட்டினேன், தேநீர் ஆறிவிடும் என்று வைத்துவிட்டேன். "பிரமாதமான திட்டம்" என்றேன். இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

முதல் வருடம் முகாமைத்துவப் பாதியில் எல்லாப் பாடமும் பாஸ். கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை செய்கிற கணவர் அந்த மாதம் வந்தபோது எங்களுக்கெல்லாம் மஸ்கட் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பவளராணி சிவப்புப் பையோடு உட்கார்ந்தார். நீலப் பையும் கூடவே வந்தது. அது ஓய்வெடுத்தாலும் நாள் தவறாமல் அதைத் தட்டிப் பார்ப்பார். மழை பெய்தால் மரத்தில் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. லயமே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் இவர் மட்டும் காலை பஸ்ஸிலேயே கடைக்கு வந்துவிடுவார். வந்து, எவருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கப்படுவார்.

போன ஓகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது; கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய்ச் சேர்ந்தால் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குமோ தெரியாது. அதனால் பவளராணி பளீலாவின் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தார்.

"ராணி, கெம்பஸ்ஸால கடிதம் வந்தீக்கி" என்றார் பளீலா.

"அட்மிஷன் கார்டா இருக்கும் தாத்தா." முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், இவரும் அப்படியே கூப்பிடுவார். கையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, கொண்டை ஊசியால் உறையைக் கிழித்தார். படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இது எனக்கு வந்ததுதானான்னு பாருங்க சேர்."

அவருக்கு வந்ததுதான். முதற் பரீட்சையின் இரண்டு பாதிகளுக்கும் ஒரே வருடத்தில் தோற்ற வேண்டும். ஒரு பாதியைத் தள்ளிப்போட விரும்பினால் பதினான்காம் விதியின்படி முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். அனுமதி பெறாமல் கலைப் பாதிக்கு வராதபடியால் அவருடைய பதிவு நீக்கப்பட்டது. பாஸ் பண்ணிய பாடங்களும் செல்லாது. விரும்பினால் புதிதாகப் பதிந்துகொள்ளலாம்.

மாடியில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கேட்கிறது, ஆனால் நான் கைநூலை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பதினேழில் இருக்கிறது அந்த விதி. நான் இரண்டு பக்கத்தோடு நிறுத்திய கைநூலின் பதினேழாம் பக்கம்.

"பதினாலாம் விதியை நீங்க படிக்கலையா?" என்று அவரிடமே கேட்டேன். எனக்கு வெட்கமில்லை.

"படிச்சேங்க. அது லீவு கேக்குறவங்களுக்குன்னு நெனச்சேன். நான் லீவு போடலயே சேர், அந்தப் பாதிக்கு ஓய்வு தானே குடுத்தேன். ஓய்வு குடுக்க யாராச்சும் பர்மிஷன் கேப்பாங்களா?"

பளீலா வாயில் கைவைத்தபடி நின்றார். "பாஸ் பண்ணினத்தையுமா எடுத்துப்போட்டாங்க? அல்லாவே" என்றார். அவருக்குப் பின்னால் போட்டோ கொப்பி மெஷின் யாருடைய அடையாள அட்டையின் கொப்பிகளையோ ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

பவளராணி அழவில்லை. சிவப்புப் பையிலிருந்து துரையின் பழைய கடிதத்தை எடுத்தார். புதிய கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஓய்வு குடுக்கலன்னு ஒண்ணு வந்திச்சு. ஓய்வு குடுத்தேன்னு ஒண்ணு வந்திருக்கு" என்றார்.

நான் சொன்னது இதுதான்: "கைநூல் அன்றைக்கு என் கையில்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. தப்பு என்னுடையது." அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

என் மனதை ஆற்றிக்கொள்ள நானே யோசனை சொன்னேன். புதிதாகப் பதிந்து, இந்தத் தடவை முறையாக அனுமதி வாங்கி, பழைய திட்டப்படியே ஒரு வருடத்துக்கு ஒரு பாதியாக எழுதலாம். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"வார வருசம் எனக்கு முப்பதுங்க. ஆறு வருசம்னா முப்பத்தாறு" என்றார். எனக்குக் கணக்கு வரவில்லை, அவருக்கு உடனே வந்துவிட்டது. கம்பனி முப்பத்தைந்துக்கு மேல் எடுக்காது.

"ஒவ்வொரு வருசமும் ரெண்டு பாதியையும் எழுதினா?"

"மூன்று வருடத்தில் முடியும்" என்றேன். முப்பத்து மூன்றில். ஆனால் விடியற்காலையில் மலையேறி, பகலில் பால் சுமந்து, மிச்ச நேரத்தில் இரண்டையும் ஒன்றாகப் படிப்பது என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எனக்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார், இரண்டு வருடத்துக்கு முன்னால்.

பவளராணி விரல் இடுக்கிலிருந்து மிச்ச நூலை இழுத்து உருட்டினார். திட்டம் எழுதிய தாளைப் பெஞ்சில் விரித்து, 'ஓய்வு' என்று எழுதிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஆறு இடத்திலும் தாள் அழுக்காகி, கடைசியில் எழுத்து மறைந்தது. தூளை ஊதித் தள்ளினார். பளீலா கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடவில்லை.

அந்த வருடம் சிவப்புப் பையின் முறை. அது மடியில் திறந்துதான் இருந்தது. அவர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் கிடந்த நீலப் பையையும் எடுத்து, அதன் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.