எண்பது கிரெயின்

என் கணவர் ஸ்ரான்லிக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. கலியாணம் முடித்த பத்தொன்பது வருடத்தில், போன வருடக் கடைசிவரை, நான் அதை இரண்டே தரம்தான் கேட்டிருந்தேன். இரண்டு தரமும் என்னிடம் சொன்னதுதான். ஊருக்கெல்லாம் எப்போதும் 'ஓம்'. ஒரே சனிக்கிழமையில் மூன்று வீட்டுக்காரருக்குச் சாமான் ஏற்றி இறக்க வருவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளி பின்னேரம் முழி பிதுங்கி நிற்பார். நான்கு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கிற நாளில் கதிரை அடுக்குவது, ஒலிபெருக்கி பூட்டுவது, கடைசியில் குசினி கூட்டுவது எல்லாம் இவர் தலையில்தான் விழும்.

"உங்களுக்கு முதுகெலும்பு இருக்கோ எண்டு ஒருக்கா எக்ஸ்றே எடுத்துப் பாக்கவேணும்" என்று ஏசுவேன். அதற்கும் "ஓம்" என்பார்.

டெனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவின் எல்லையில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடையில் இவருக்கு வேலை. ஒன்பது வயதில் தாயோடு மன்னாரிலிருந்து வந்தவர். முதலில் அந்தக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். பெட்டிகளில் அச்சடித்திருப்பதை வாசித்து வாசித்தே தோட்டா வகையெல்லாம் பாடமாகிவிட்டது. முன்னால் நின்றவன் ஒருநாள் காய்ச்சலென்று வராமல்போக, இவரைப் பிடித்துக் கவுண்டரில் நிறுத்தினார்கள். பிறகு அங்கேயே நிலைத்துவிட்டார். என் பிறந்தநாள் இவருக்கு நினைவிருக்காது. எந்தத் துவக்குக்கு எந்தச் சன்னம், தோட்டா நுனியிலிருந்து பறக்கிற அந்தக் குண்டு எத்தனை கிரெயின் நிறை என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேட்டைக்கான அனுமதிப் பத்திரமும் எடுத்திருக்கிறார், கடை முதலாளி கேட்டதற்காக. ஆனால் இன்றுவரை காகிதத்தைத் தவிர எதையும் சுட்டதில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த எங்கள் சனம் இவருக்கு வைத்திருக்கிற பெயர் 'துவக்குக்கடை ஸ்ரான்லி'.

அந்தச் சனத்தில் இவரிடம் உண்மையாகவே தோட்டா வாங்குகிற ஒரே ஆள் யேசுரட்ணம் அண்ணை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். வலது தோள் தேய்ந்து, இரண்டு தரம் வெட்டித் தைத்து, கடைசியில் வேலையால் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்து மனைவி லூர்தம்மா அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவரை, பழைய வேலைத்தோழன் ஐனார் தன் வேட்டைக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அண்ணை ஐம்பத்தொன்பது வயதில் டெனிஷ் மொழியில் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். ஐனாருக்குக் கண் மங்கியதும் அவனுடைய பழைய துவக்கு அண்ணையின் கைக்கு வந்தது.

அது கால் அங்குல வாயுள்ள துவக்கு. தோளில் அதிகம் உதைக்காது. அண்ணையின் தோளுக்கு அதைவிடப் பெரியது எதுவும் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதை வைத்து மூன்று வருடமாக ஆட்டளவு சின்ன மான்களைச் சுட்டார். நம்மூர் மரையளவு வளர்கிற பெரிய மான் மற்றவர்களுக்குத்தான். அது அகப்படுகிற நாட்களில் அண்ணை எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்பார். போன இலையுதிர்காலத்தில் குழுத் தலைவன், இந்த முறை ஒரு பெரிய பெண்மான் உனக்கு என்று சொல்லிவிட்டான். அந்தச் செய்தியைச் சொல்வதற்காகவே அண்ணை பூசை முடிந்து வாசலில் எங்களுக்காகக் காத்து நின்றார். முதல் கோப்பி இனி வேறு யாராவது ஊற்றட்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். வேலை முடிந்து இவரை ஏற்றிக்கொண்டு போக வந்த நான் காலுறைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"தம்பி, சின்ன மானுக்கு எண்பது கிரெயின் வாங்கிறனான். இனிப் பெரிசுக்குப் பாரமானதாப் பாத்து எடு" என்றார் அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகளைப் பாக்க ஹோர்சன்ஸ் போன இடத்திலை ஒரு கடைக்காரனைக் கேட்டனான். இந்தத் துவக்குப் பெரிய மானுக்குச் சரிவராது எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டான். புதுசு விக்கப் பாக்கிறானாக்கும். நீ என்ன சொல்லுறாய்?"

இவர் என்ன சொல்லவேண்டும் என்பது இவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி தெரியும். ஈயம் பாரமானது. அதனால் ஈயச் சன்னம் கட்டையாக இருந்தாலும் நிறை இருக்கும். இந்த நாட்டில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவைத் தடை செய்தபிறகு எல்லாம் செம்பு. செம்பில் அதே நிறை வேண்டுமென்றால் சன்னத்தை நீட்டவேண்டும். நீண்ட சன்னம் நேரே பறக்க வேகமாகச் சுழலவேண்டும், பம்பரம் மாதிரி. சன்னத்தைச் சுழற்றுவது துவக்குக் குழாய்க்குள் சுருளாக வெட்டியிருக்கிற வரிகள். ஐனாரின் துவக்கு ஈயக் காலத்தது. அதன் வரிகள் மெதுவாகத்தான் திரும்பும்.

"ஒருக்காச் சுட்டுப் பாப்பம் அண்ணை" என்றார் இவர். அதுதான் இவருக்குத் தெரிந்த 'இல்லை'.

புதன்கிழமை இரண்டு பேரும் சுடும் திடலுக்குப் போனார்கள். பாரமான நூற்றுப்பதினைந்து கிரெயினை முதலில் சுட்டார்கள். காகிதத்தில் வட்டத் துளை விழவில்லை. சன்னம் பறக்கும்போதே புரண்டு, பக்கவாட்டில் மோதி, நீளமாகக் கிழித்திருந்தது. பிறகு எண்பது கிரெயினில் புதுப் பெட்டியொன்றை உடைத்து மூன்று சுட்டார் அண்ணை. மூன்று துளையும் ஒரு ஐந்து குரோனர் நாணயத்துக்குள் அடங்கின. அண்ணை அந்தக் காகிதத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டாராம்.

"உது காணும் என்ன தம்பி, பெரிசுக்கும்?"

காணாது, போதவே போதாது. சட்டம் பெரிய மானுக்குக் கேட்கிற வலுவை, பெட்டியில் அச்சடித்த கணக்கின்படி மயிரிழையில்தான் எட்டியது. அந்தக் கணக்கு நீளக் குழாயில் அளந்தது. ஐனாரின் துவக்குக் குழாய் கட்டை; அதில் வேகமும் வலுவும் இன்னும் குறையும். சன்னம் போகச் சொன்ன இடத்துக்குப் போகும். போன இடத்தில் எலும்பு இருந்தால் உள்ளே இறங்காது.

"கிட்டவா நிண்டு, விலாப் பக்கமாப் பாத்துச் சுட்டால் காணும் அண்ணை" என்று இவர் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாளைக்குப் போன் எடுத்து வேண்டாமென்று சொல்லட்டுமா என்று கேட்டார். இவர் யாருக்கும் முகத்துக்கு நேரே பேசமாட்டார் என்று பத்தொன்பது வருடமாக ஏசுகிற நான், அன்றைக்குப் பார்த்து, "அந்த மனுசன் எவ்வளவு சந்தோசமாப் போனவர். பெரிய துவக்கு அவற்றை தோளுக்கு ஆகாது எண்டு தெரியும்தானே. விடுங்கோப்பா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லூர்தம்மா அக்கா போன் எடுத்தா. அண்ணை சுட்டுவிட்டார், மான் விழவில்லை, அவர் தமிழில் கதைக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டுமென்கிறார் என்றா. இவருக்கு அன்று லீவு. நான்தான் கார் ஓட்டினேன்.

காட்டோரத்தில் எல்லோரும் நின்றார்கள். மழை தூறியது. மான் சுட்டவுடன் விழாவிட்டால் இங்கே யாரும் பின்னால் ஓடுவதில்லை. காயப்பட்ட மிருகத்தைத் தேடப் பழக்கிய நாயோடு ஒருவரை அழைக்கவேண்டும். அன்று வந்தது ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். மான் நின்ற இடத்தில் முழந்தாளிட்டு, புல்லை விரல்களால் விலக்கி, கொஞ்ச மயிரும் அரிசியளவு எலும்புத் துண்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இரத்தம் இரண்டு சொட்டுத்தான்.

"தோள்" என்றாள். "என்ன சன்னம்?"

அண்ணை இவரைப் பார்த்தார். இவர்தான் டெனிஷில் பதில் சொன்னார்: கால் அங்குலம், செம்பு, எண்பது கிரெயின். அவள் அதைத் தன் படிவத்தில் எழுதிக்கொண்டு நாயின் நீளக் கயிற்றை அவிழ்த்தாள்.

மான் கடைசி நொடியில் திரும்பிவிட்டது என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். வலது தோள், தம்பி, என்ரை தோள் மாதிரியே வலது தோள் என்றார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை. மூன்றரை மணித்தியாலம் கழித்து நாய்க்காரி இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தாள். ஒரு ஓடையில் தடம் அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து தேடினாள். அன்றும் அகப்படவில்லை. குழுவில் ஒருவரும் அண்ணையைக் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்று தோளில் தட்டிவிட்டு, குடிசைக்குள் போய் அவருக்குக் கதிரை இழுத்து வைத்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. வழக்கம்போல் கோப்பிப் போத்தலை எடுத்து ஊற்றத் தொடங்கினார்.

அதன்பிறகு இவருக்கு நித்திரையில்லை. வேலைக்குப் போகிற வழியை மாற்றி, விடிய ஏழு மணிக்கு அந்தக் காட்டு எல்லைத் தெருவில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். கண்டால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒருநாள் நாய்க்காரிக்குப் போன் பண்ணி, அந்த மான் தப்புமா என்று கேட்டார். "இல்லை" என்றாளாம். "சாகவும் நாளெடுக்கும்." அவளுக்கு அதைச் சொல்ல ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு பின்னேரம், யேசுரட்ணம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். மேசையில் அந்தத் தோட்டாப் பெட்டியை வைத்தார். இருபதில் பதினாறு மிச்சம்.

"துவக்கைப் பொலிசிலை குடுத்திட்டன். குழுவாலையும் விலகிட்டன்" என்றார். "இது நல்ல சாமான். ஆருக்கும் தேவைப்படும். பிழை சன்னத்திலை இல்லை, என்ரை கையிலைதான்."

நான் தேநீர் வைக்கிற சாட்டில் அடுப்படியில் நின்றேன். இவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் நினைக்கவேயில்லை, வாயைத் திறந்தார்.

"உங்கடை கையிலை பிழையில்லை அண்ணை. அது பெரிய மானுக்குக் காணாது. எனக்கு அண்டைக்கே தெரியும். சொல்லியிருக்கவேணும்."

அண்ணை கோபப்படவில்லை. கோபப்பட்டு நாலு பேச்சுப் பேசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் கொண்டுவந்து வைத்த தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"ஹோர்சன்ஸ்காரன் சரிவராது எண்டு சொன்னவன்தானே. அவன் விக்கிறதுக்குச் சொல்லுறானோ, உண்மையாச் சொல்லுறானோ எண்டு எனக்குப் பிடிபடேல்லை. அதுதான் உன்னட்டை வந்தனான். நீயும் அதையே சொல்லியிருந்தால் விட்டிருப்பன், தம்பி."

நான்தான் விடச் சொன்னேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது தப்பியிருக்கும், என்ன தம்பி?"

இவர் என்னைப் பார்த்தார். ஓம் என்று சொல்லுங்கோ, இந்த ஒருக்கா மட்டும் சொல்லுங்கோ என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"இல்லை அண்ணை" என்றார் இவர். "தப்பாது."

அண்ணை தலையை ஆட்டினார். மெல்ல எழும்பி, இடது கையால் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"இந்த ஒரு சொல்லைத்தானே நான் அண்டைக்கு உன்னட்டைக் கேட்டனான்" என்றார்.

வெளியே மழை. காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று இவர் வாசல்வரை பின்னால் போய்க் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணை பஸ் தரிப்புக்கு நடந்து போனார்.