டாங்கியை மறைத்து நின்றவர்

பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் அவருடைய கணவரின் ராணுவப் புகைப்படம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை நான் திருடினேன். இரவல் வாங்கிவிட்டுத் தொலைந்துபோயிற்று என்று சொன்னேன், அது திருட்டுதான்.

கணவர் எழுபத்தொன்றாம் ஆண்டு யுத்தத்தில் இறந்த டாங்கி வீரர். படத்தில் தன் செஞ்சூரியன் டாங்கியில் சாய்ந்து நிற்கிறார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மைசூரில் ஓய்வு பெற்று, பிளாஸ்டிக் டாங்கி மாடல்கள் செய்துகொண்டிருந்தேன். என்னிடமிருந்த கிட் மூன்றாம் வகை; படத்தில் இருந்தது ஏழாம் வகை. அதன் பீரங்கிக் குழலின் நடுவே, புகையை வெளியேற்ற ஓர் உருளை உண்டு. சுழலும் மேல்பகுதியின் பக்கப் பெட்டிகளைப் பற்றி எந்தப் புத்தகமும் தெளிவாகச் சொல்லவில்லை. படம் சொன்னது. ஒரு பெட்டியை மட்டும் அந்த மனிதரின் முழங்கை மறைத்தது. அந்த முழங்கையை எவ்வளவோ சபித்திருக்கிறேன்.

சர்ச்சில் நினைவுநாள் பூசைக்கென்று நர்ஸம்மா படத்தைக் கேட்டபோது மாடல் பாதியில் இருந்தது. தேவராஜ மொஹல்லாவில் ஆட்டோவிலேயே பையை விட்டுவிட்டேன் என்றேன். அவரும், அப்பாவைப் பார்த்தறியாத மகளும் ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டாக விசாரித்தார்கள். நானும் கூடப் போய் விசாரித்தேன்.

பிறகு ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படத்து முகத்தை யாரோ ஒருவரின் சீருடை உடம்போடு ஒட்டி, பெரிதாக்கித் தங்கள் கூடத்தில் மாட்டினார்கள். டாங்கிப் படையின் தொப்பி கறுப்பு. இதில் பச்சை.

"கறுப்புன்னுதான் சொன்னேண்ணா. முடியோட சேந்துடும் மேடம், தொப்பிய யாரு பாக்கப் போறாங்கன்னுட்டாரு ஸ்டூடியோக்காரரு," என்றார் நர்ஸம்மா.

நான் பார்த்தேன். அந்தக் கூடத்தில் காப்பி குடிக்கும்போதெல்லாம் நாற்காலியை மாற்றிப் பார்த்தேன். எங்கே உட்கார்ந்தாலும் தொப்பி தெரிந்தது. அடுத்தவர் மாடலில் ஓர் ஆணி பிசகினாலும் விடாதவன் நான். வாயைத் திறக்க முடியாமல் வீட்டுக்கு வந்து மாடலைப் பிரிப்பேன், ஒட்டுவேன், மறுபடி பிரிப்பேன். அது முடியவே இல்லை.

மகளுக்குத் திருமணம் நிச்சயமானதும் படத்தை எடுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்கிறாரு. எனக்கு இது மறந்தே போச்சு," என்றார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "அன்னிக்கு எங்களோட வந்து ஆட்டோக்காரங்களக் கேட்டீங்களேண்ணா. அது எதுக்கு?"

மாடலை அவர்களுக்கே தந்துவிடுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

கல்யாணப் பத்திரிகை என் மனைவி பெயருக்கு மட்டும் வந்தது. அவள் தனியாகச் சர்ச்சுக்குப் போனாள். திரும்பி வந்து, பெண் நன்றாக இருந்தாள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.