திருநாளுக்கு ஒரு கார்ட்

கொட்டாஞ்சேனை ரெனால்டின் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். தாய் போய்ச் சேர்ந்துவிட்டார், தங்கை கனடாவில். வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் மனிதருக்கு வாய்திறந்து கதைக்க இருந்தது ஒரே ஆள்: வெள்ளவத்தை அலுவலகத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் லவினா.

காலையில் போனில் கோல் எடுப்பாள். "ரெனால்ட், சாப்பிட்டாச்சா? அந்தப் பிழை என்ன மாதிரி?" பிழைக்குக் கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் ஊர்க்கதை.

பிறகு அலுவலகம், தானே மென்பொருள் கோட் எழுதும் ஓர் ஏஐ ஏஜென்டை வாங்கியது. வேலைகளைக் கார்ட் கார்டாக எழுதிவைக்கும் செயலியோடு அதை இணைக்கும் பொறுப்பு ரெனால்டுக்கு வந்தது. மனிதர் சும்மா இணைப்பாரா? விதிகளையும் தானே எழுதினார். எந்தப் புதுக் கார்டையும் முதலில் ஏஜென்ட் பார்க்கும். கோட் வேலை என்றால் செய்யும், இல்லையென்றால் ஆட்களைத் தொந்தரவு செய்யாமல் மூடிவிடும். எல்லோரும் பாராட்டினார்கள். லவினா கார்ட் எழுதினாள், ஏஜென்ட் முடித்தது. கோல் நின்றுபோனது.

அந்தோனியார் திருநாள் நெருங்கியது. திருநாள் சோற்றை விருந்தாளி இல்லாமல் பரிமாறுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். லவினாவைக் கூப்பிட ஆசை, காரணமில்லாமல் கோல் எடுக்கக் கூச்சம். வேலைகளுக்கு நடுவே போட்டால் சாதாரணமாகத் தெரியும் என்று ஒரு கார்ட் எழுதினார்: "லவினா, திருநாளண்டைக்குப் பகல் சாப்பாட்டுக்கு வீட்ட வாங்கோ."

திருநாளன்று மஞ்சள் சோறும் கோழிக்கறியும் ஆறின. இரண்டு தட்டு வைத்திருந்தார். வரமாட்டேன் என்றாவது எழுதியிருக்கலாமே என்று மனம் கசந்து செயலியைத் திறந்தார். கார்ட் 'முடிந்தவை' வரிசையில் கிடந்தது. கீழே ஏஜென்டின் குறிப்பு: "கோட் மாற்றம் தேவையில்லை. மூடப்பட்டது."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கூச்சத்தை விட்டுக் கோல் எடுத்தார்.

"ஐயோ, நான் காணவே இல்ல!" என்றாள் லவினா. "இப்ப நீர்கொழும்புக்கு பஸ்ஸில போறன். ஒரு கோல் எடுத்திருக்கலாமே?"

"நீங்களும்தான் எடுக்கிறேல்ல."

"ஆக்கள் உங்களுக்குத் தொந்தரவு, கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டுதானே அப்பிடி செஞ்சு வச்சீங்க? உங்களுக்கு அதுதான் நிம்மதி எண்டு நினைச்சன்."

ரெனால்ட் எதிரில் இருந்த வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குக் கரைச்சல் குடுங்கோ, லவினா."

"ஆ? பஸ் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்ல, ரெனால்ட். கார்ட் ஒண்டு போட்டுவிடுங்கோ, பிறகு பாக்கிறன்."