நெமெசியாவின் கெட்டி ரத்தம்

என் தங்கை நெமெசியா பொலிவியாவில் எட்டு வருஷம் சின்ன விமானம் ஓட்டியவள். அந்த லைசென்ஸை ஏர்லைன் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள உருகுவே போனாள். துணைக்கு நானும் போனேன். பரீட்சை எல்லாம் பாஸ். மருத்துவப் பரிசோதனைதான் பாக்கி.

ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்கும்மா. இதோட பறக்கறது ஆபத்து."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காற்று மெலிந்த மலை மேல் இருக்கும் எங்கள் ஊர் எல் ஆல்ட்டோவில் ரொட்டி விற்கிறவளுக்கும் அதே ரத்தம்தான்.

நெமெசியா நிதானமாகக் கேட்டாள். "பறக்கும்போது பிளேனுக்குள்ள காத்து எந்த உயரத்துல இருக்கற மாதிரி இருக்கும், டாக்டர்?"

"அதிகபட்சம் ரெண்டாயிரத்து நானூறு மீட்டர்."

"எங்க வீட்டு வாசலே நாலாயிரம் மீட்டர்ல இருக்கு. நீங்கல்லாம் பிளேன் ஏறினா மேல போறீங்க. நான் கீழ இறங்கறேன்."

அவர் மலை ஊர்க்காரர்களின் ரத்த அளவுகளை வரவழைத்துப் பார்த்தார். மறுவாரம் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் அவள் துணை விமானியாக வந்த விமானம் எங்கள் ஊரில் இறங்கியது. கேப்டன் நாலு படி இறங்கியதும் மூச்சு வாங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு என் தங்கை முன்னால் நடந்தாள்.