சோதித்தவர்: தூலிக்கி

ராவ்னோவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று மாதமாகியும் ஆறவில்லை. ஏமாந்தது நானில்லை, தூலிக்கிதான். ஆனால் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான்தானே.

ஔலு நகரத்தில் எங்களுடையது ஒரு சின்ன இன்டர்நெட் கூட்டுறவு. நாலாயிரம் வீடு. பெரிய ரவுட்டர் வாங்க வக்கில்லாமல், சாதாரணக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு அதையே ரவுட்டராக ஓட்டுகிறோம். இணையத்தில் எதுவுமே துண்டு துண்டாகத்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். நொடிக்கு எட்டு லட்சம் பாக்கெட்டுக்கு மேல் வந்தால் எங்கள் பெட்டி மிச்சத்தைத் தவறவிட்டுவிடும். உடனே ஊரே போன் போட்டு என்னைத் திட்டும்.

தூலிக்கி அதிகம் பேசமாட்டாள். ஐம்பத்தொரு வயது. கேபிள் இழுக்க வந்தவள், தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். போன குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாக வழி தேடுவதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகச் சேர்த்து ஒரே மூச்சில் தேட வைத்தாள். எட்டு லட்சம் இருபத்தாறு லட்சமானது. அம்மாடி, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகக் காபி குடித்தேன்!

இப்படி ஒரு திருத்தத்தை லினக்ஸ் எழுதுகிறவர்களின் பொதுக் குழுவுக்கு மெயிலில் அனுப்பினால், சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். எழுதியவர் பெயர் மேலே, சோதித்தவர் பெயர் அடியில். காசும் கிடையாது, பட்டமும் கிடையாது. அந்தப் பெயர் ஒன்றுதான்.

"என் பேரு அதுல வந்துட்டா போதும் ஹெல்கா, வேற எதுவும் வேணாம்" என்றாள் தூலிக்கி. ஆனால் மெயில் எழுதப் பயம். "என் இங்கிலீஷைப் பார்த்தா சிரிப்பாங்க. ராவ்னோ அனுப்பட்டும்."

ராவ்னோ பதினாலு வருஷமாக அவளுக்கு எதிர் மேஜை. அவளுடைய ஆங்கில மெயில் எல்லாம் அவன் கையால்தான் போகும்.

அனுப்பினான். சேர்த்தும் கொண்டார்கள். திறந்து பார்த்தேன். எழுதியவர்: ராவ்னோ. சோதித்தவர்: தூலிக்கி.

"என்னடா இது?" என்றேன்.

"ஏன் கத்துற? அவ பேரும்தான் இருக்குல்ல. அனுப்பினவன் பேருதான் மேல வரும்."

பொய். வாய் கூசாமல் சொன்னான். தூலிக்கி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தக் குழுவில் ஒருவர் கேட்டார்: ஏன் முப்பத்திரண்டு? அறுபத்துநாலு வைத்தால் என்ன? மறுநாள் காலை ஏலக்காய் பன்னோடு அவள் மேஜை முன்னால் வந்து நின்றான் நம்ம ஆள்.

"தூலிக்கி, அந்த முப்பத்திரண்டு ஏன்னு ரெண்டு வரி சொல்லேன்."

"எழுதினவன் நீதானே ராவ்னோ. நீயே சொல்லு."

பன்னை வைத்துவிட்டுப் போனான். நான் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அவளே குழுவுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள், தட்டுத்தடுமாறி நாலு வரி: அறுபத்துநாலும் வைத்துப் பார்த்தேன். பிராசசருக்குள் இருக்கிற சின்ன நினைவகம் கொள்ளவில்லை, வேகம் பதினொரு லட்சத்துக்கு இறங்கியது. இதை எழுதியது நான்.

மதியமே பதில் வந்தது: அருமையான விளக்கம், நன்றி. எழுதியது நீங்கள்தான் என்று புரிகிறது. ஆனால் சேர்த்தாகிவிட்டது, இனிப் பெயரை மாற்ற வழியில்லை, மன்னியுங்கள்.

"நாசமாப் போறவன்" என்றேன்.

அவள் அந்தப் பதிலை மறுபடியும் படித்தாள்.

"பேரு போனதுகூடப் பரவால்ல ஹெல்கா. என் இங்கிலீஷைப் பார்த்தா சிரிப்பாங்கன்னு பதினாலு வருஷமா சொல்லிட்டிருந்ததே அவன்தான். ஒருத்தர்கூடச் சிரிக்கலையே."